டாட்ஜர்ஸ் காசைக் கொட்டி பேஸ்பாலைக் கெடுத்துட்டாங்களா? சாலரி கேப் வந்தா எல்லாம் சரியாயிடுமா?

கேள்வி இதான். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 2024லயும் வேர்ல்ட் சீரீஸ், அதாவது அமெரிக்க பேஸ்பாலோட ஃபைனல் தொடர், ஜெயிச்சாங்க, 2025லயும் ஜெயிச்சாங்க, சம்பளத்துக்கு உச்சவரம்பே இல்லாத லீக்ல மத்த 29 டீமும் எதுக்கு ஆடணும், நம்ம ஐபிஎல்ல ஒரு டீமுக்கு இவ்ளோதான் பர்ஸுன்னு வச்ச மாதிரி அங்கயும் வச்சா முடிஞ்சு போச்சே? முதல்லயே சொல்லிடறேன், நான் மில்வாக்கி ப்ரூவர்ஸ் பக்கம் சாயற ஆளு, 2025 ப்ளேஆஃப்ல டாட்ஜர்ஸ்கிட்ட 4-0ன்னு அடி வாங்கினது எங்க டீம்தான், அதனால டாட்ஜர்ஸுக்கு வக்காலத்து வாங்கணும்னு எனக்கு ஒரு தலையெழுத்தும் இல்ல. ஆனாலும் கேள்வியில ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கிட்டீங்க. கப்பை யாரு தூக்கறாங்கங்கறது ஒண்ணு. ஒவ்வொரு வருஷமும் கப்புக்கான வரிசையில நிக்கறதுக்கு யாருக்கு இடம் கிடைக்குதுங்கறது வேற. பேஸ்பால்ல காசு முதலாவதை ரொம்ப கொஞ்சமாத்தான் வாங்கும், ரெண்டாவதை நல்லாவே வாங்கும்.

முதல்ல கப்பு. டாட்ஜர்ஸுக்கு முன்னாடி தொடர்ந்து ரெண்டு வருஷம் ஜெயிச்ச டீம் எதுன்னு பாத்தா 1998, 1999, 2000 மூணும் ஜெயிச்ச நியூயார்க் யாங்கீஸ். நடுவுல இருபத்து நாலு வருஷம் ஒருத்தனாலயும் பட்டத்தைக் காப்பாத்த முடியல. 2001லேர்ந்து 2025 வரைக்கும் 25 வருஷத்துல 16 வேற வேற டீம் ஜெயிச்சிருக்கு, இருக்கறதே 30 டீம்தான். இதுல 2006ல செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் வெறும் 83 மேட்ச் ஜெயிச்சு உள்ள வந்து கப்பைத் தூக்கிட்டுப் போனாங்க. சாலரி கேப் உள்ள பக்கத்து ஆட்டங்களைப் பாருங்க. அமெரிக்கன் ஃபுட்பால்ல 1994லேர்ந்து கறாரான கேப் இருக்கு, அதுக்குள்ளயே நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 6 தடவ ஜெயிச்சாங்க, அவங்க ஓஞ்சதும் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் ஆறு சீசன்ல அஞ்சு ஃபைனல் ஆடினாங்க. பாஸ்கெட்பால்லயும் கேப் உண்டு, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 2015லேர்ந்து 2019 வரைக்கும் ஒரு வருஷம் விடாம ஃபைனல்.

காரணம் ஆட்டத்தோட அமைப்புலயே இருக்கு. பாஸ்கெட்பால்ல கோர்ட்ல அஞ்சே பேரு, உங்க ஸ்டாரு கிட்டத்தட்ட முழு மேட்சும் பந்தைத் தொட்டுக்கிட்டே இருப்பான். பேஸ்பால்ல எவ்ளோ பெரிய பேட்டரா இருந்தாலும் ஒன்பது பேருல ஒருத்தன், தன் முறை வர்ற வரைக்கும் பெஞ்ச்ல உக்காந்து சூரியகாந்தி விதை கடிக்கணும். ஸ்டார்ட்டிங் பிட்சர், அதாவது மேட்ச் ஆரம்பத்துலேர்ந்து பந்து போடறவன், அஞ்சாறு நாளைக்கு ஒரு தடவதான் வருவான். இதுக்கு என்கிட்ட உள்ள ஒரே உதாரணம் போதும், ஷோஹெய் ஒடானியும் மைக் ட்ரவுட்டும், அதாவது அந்தக் காலத்தோட ஆகப்பெரிய ரெண்டு பிளேயரும், 2018லேர்ந்து 2023 வரைக்கும் ஏஞ்சல்ஸ்ல ஒண்ணா இருந்தாங்க, ஆறு வருஷத்துல ஒரு தடவகூட டீம் ப்ளேஆஃப் போகல!

அப்புறம் அதிர்ஷ்டம். ஒரு சின்ன கணக்கு போடுவோம். 30 டீமும் எந்த வித்தியாசமும் இல்லாம சமபலம்னு வச்சுக்கோங்க, ஒவ்வொரு மேட்சும் காசு சுண்டற மாதிரி. 162 மேட்ச் ஆடினா எல்லாருக்கும் 81 வெற்றி வருமான்னா வராது, ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதாவது சராசரியிலேர்ந்து வழக்கமா விலகற அளவு, 6 மேட்சுக்குக் கொஞ்சம் மேல, அதனால சும்மா சுண்டின காசுலயே ஒரு டீம் 94 கிட்ட போய் நிக்கும், இன்னொண்ணு 68ல கிடக்கும், பேப்பர்காரன் முதல் டீமுக்கு சாம்ராஜ்யம்னு எழுதுவான். நிஜமான சீசன்ல பரவல் இதைப்போல ஒன்றரை மடங்கு, சில வருஷம் ரெண்டரை மடங்கு வரைக்கும் போகுது. விளையாட்டுப் பொருளாதாரம் படிக்கறவங்க சமநிலையை அளக்கறது இந்த விகிதத்தை வச்சுத்தான். அப்போ டீம்களுக்கு நடுவுல நிஜமான பல வித்தியாசம் இருக்கு, அதை 162 மேட்ச் வடிகட்டிக் காட்டிடுது. ஆனா ப்ளேஆஃப்ல மூணு மேட்ச், அஞ்சு மேட்ச், ஏழு மேட்ச்னு சின்னச் சின்னத் தொடரா வரும்போது வடிகட்டி ஓட்டையாயிடுது. 2022ல டாட்ஜர்ஸ் 111 மேட்ச் ஜெயிச்சுட்டு 89 ஜெயிச்ச சான் டியாகோகிட்ட தோத்து வெளிய போனாங்க. மறு வருஷம் 100 ஜெயிச்சுட்டு 84 ஜெயிச்ச அரிசோனாகிட்ட 3-0ன்னு அவமானப்பட்டாங்க. 2013லேர்ந்து 2023 வரைக்கும் பதினோரு வருஷமும் ப்ளேஆஃப், கப்பு ஒண்ணே ஒண்ணு, அதுவும் கோவிட் வருஷத்துல 60 மேட்ச் மட்டும் நடந்த சீசன்ல.

இப்போ ரெண்டாவது விஷயம், இங்கதான் என் மனசு கேள்வி கேட்டவர் பக்கம் போகுது. டாட்ஜர்ஸ் அந்த 2013லேர்ந்து 2025 வரைக்கும் 13 வருஷமும் தொடர்ந்து ப்ளேஆஃப்ல இருக்காங்க. யாங்கீஸ் 1992க்கு அப்புறம் ஒரு சீசன்லகூட வெற்றியைவிட தோல்வி அதிகம்னு முடிச்சதில்ல. இன்னொரு பக்கம் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் 1993லேர்ந்து 2012 வரைக்கும் இருபது வருஷம் தொடர்ந்து தோல்வி சீசன், அந்த ஊர்ல ஒரு குழந்தை பொறந்து காலேஜ் போற வரைக்கும் தன் டீம் பாதிக்கு மேல ஜெயிச்சு பாத்திருக்காது. கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் 1985ல கப் வாங்கிட்டு அடுத்த ப்ளேஆஃப் பாத்தது 2014ல. லாட்டரி டிக்கெட் விழறது அதிர்ஷ்டம்தான், ஒத்துக்கறேன். ஆனா ஒருத்தன் வருஷா வருஷம் டிக்கெட் வாங்கறான், இன்னொருத்தன் பத்து வருஷத்துக்கு ஒரு தடவ வாங்கறான்னா அது அதிர்ஷ்டமா?

காசு வாங்கித் தர்ற இன்னொரு சமாச்சாரம், தப்பு பண்ற உரிமை. டாட்ஜர்ஸ் 2025க்கு டேனர் ஸ்காட்னு ஒரு ரிலீஃப் பிட்சரை, அதாவது மேட்ச் நடுவுல வந்து பந்து போடறவரை, நாலு வருஷத்துக்கு 7.2 கோடி டாலர் குடுத்து எடுத்தாங்க, ஆளு அந்த சீசன்ல 4.74 இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியா விட்டுக்குடுத்த ரன், கம்மியா இருந்தா நல்லது), கடைசி இன்னிங்ஸை நம்பிக் குடுக்க முடியல. டாட்ஜர்ஸ் என்ன பண்ணாங்க? தோளைக் குலுக்கிட்டு ரோக்கி சசாகிங்கற ஸ்டார்ட்டிங் பிட்சரை அக்டோபர்ல அந்த இடத்துல இறக்கிட்டுப் போயிட்டே இருந்தாங்க. இதே தப்பை ப்ரூவர்ஸோ டாம்பா பே ரேஸோ பண்ணியிருந்தா மூணு வருஷத் திட்டம் காலி. ரேஸ் மாதிரி டீம் புத்திசாலித்தனத்துல பொழைக்குது, 2007ல 96 தோல்வியோட கடைசி இடம், 2008ல 97 வெற்றியோட வேர்ல்ட் சீரீஸ் வரைக்கும், பிரமாதம்தான். ஓக்லண்ட் ஏஸும் அப்படித்தான், 2002ல ஏறக்குறைய 4 கோடி டாலர் சம்பளத்துல 103 மேட்ச் ஜெயிச்சாங்க, அதுல தொடர்ந்து 20 வெற்றி ஒரே மூச்சுல. அதே வருஷம் மூணு மடங்கு செலவு பண்ண யாங்கீஸும் ஜெயிச்சது 103தான். ஆனா புத்தி ஒருத்தன் சொத்து இல்லியே, பணக்கார டீமும் அதே கணக்குப்பிள்ளைகளைச் சம்பளம் குடுத்துக் கூட்டிட்டுப் போயிடும். டாட்ஜர்ஸை நடத்தற ஆண்ட்ரூ ஃப்ரீட்மன் அதுக்கு முன்னாடி ரேஸை நடத்தினவரு, அத யாரும் பேசறதே இல்ல.

"அந்தக் காலத்துல இப்படி இல்ல"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலம்தான் மோசம். 1899ல கிளீவ்லண்ட் ஸ்பைடர்ஸ்னு ஒரு டீம், ஓனருங்க அதே வருஷம் செயின்ட் லூயிஸ் டீமையும் வாங்கிட்டு சை யங் உட்பட நல்ல பிளேயர் எல்லாரையும் அங்க தள்ளிட்டாங்க, ஸ்பைடர்ஸ் 20 ஜெயிச்சு 134 தோத்துது, டீமே மூடப்பட்டுது. அப்புறம் 1949லேர்ந்து 1964 வரைக்கும் 16 வருஷத்துல 14 தடவ அமெரிக்கன் லீக் (பேஸ்பால்ல உள்ள ரெண்டு பிரிவுல ஒண்ணு) பட்டம் யாங்கீஸுக்கு, அதுல 9 வேர்ல்ட் சீரீஸ். அப்போ ஒடானிக்குக் குடுக்கற மாதிரி எல்லாம் யாரும் யாருக்கும் குடுக்கல, ஏன்னா ரிசர்வ் கிளாஸ்னு ஒரு ஷரத்து இருந்துச்சு, ஒரு டீம்ல கையெழுத்து போட்டா சாகற வரைக்கும் அந்த டீமோட சொத்து, அவங்களா வித்தாதான் வெளிய போகலாம். இந்த அடிமைசாசனத்துக்கு ஓனருங்க சொன்ன நியாயம் என்ன தெரியுமா, இது இல்லன்னா பணக்கார டீம் எல்லா நல்ல பிளேயரையும் அள்ளிட்டுப் போயிடும், சமநிலை கெட்டுடும்னு! சமநிலையோட லட்சணம் 16க்கு 14. அப்போ கன்சாஸ் சிட்டியில இருந்த ஏஸ் டீமை யாங்கீஸோட பண்ணைன்னே கிண்டல் பண்ணுவாங்க, நல்ல ஆளு ஒருத்தன் தேறினா அடுத்த வண்டியில நியூயார்க். 1961ல 61 ஹோம் ரன் அடிச்ச ராஜர் மாரிஸ் அப்படி 1959 டிசம்பர்ல போனவர்தான்.

இதை சைமன் ராட்டன்பெர்க்னு ஒரு பொருளாதார பேராசிரியர் 1956லயே எழுதிட்டாரு. பிளேயர் கட்டுப்பட்டிருந்தாலும் சரி, சுதந்திரமா இருந்தாலும் சரி, யாருக்கு அவனால அதிக வருமானமோ அங்கதான் போய்ச் சேருவான், மாறறது ஒண்ணுதான், அந்த மாற்றத்துல வர்ற பணம் பிளேயர் பாக்கெட்டுக்குப் போகுதா பழைய ஓனர் பாக்கெட்டுக்குப் போகுதாங்கறது. முழுக்க அப்படியேதான் நடக்குதுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா பேஸ்பால் விவாதத்துல யாராவது சமநிலைன்னு ஆரம்பிச்சா நான் முதல்ல ராட்டன்பெர்க்கைத்தான் நினைச்சுக்குவேன். 1969ல கர்ட் ஃப்ளட்னு ஒரு பிளேயர், என்னைக் கேக்காம ஃபிலடெல்ஃபியாவுக்கு மாத்திட்டீங்க, போக மாட்டேன்னு சொல்லி 1970 ஜனவரியில கேஸ் போட்டாரு, 1972ல சுப்ரீம் கோர்ட்ல தோத்தாரு, வாழ்க்கையும் போச்சு. 1975 டிசம்பர்ல மெஸ்ஸர்ஸ்மித், மெக்னாலி ரெண்டு பேரு விஷயத்துல பீட்டர் சைட்ஸ்னு நடுவர் பிளேயர் பக்கம் தீர்ப்பு சொன்னாரு, ஓனருங்க உடனே அவரை வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க, ஆனா தீர்ப்பு நின்னுது, ஃப்ரீ ஏஜென்சி, அதாவது ஒப்பந்தம் முடிஞ்ச பிளேயர் இஷ்டப்பட்ட டீமுக்குப் போகலாம்ங்கற முறை, வந்துது. ஆட்டம் அழிஞ்சுதா? 1978லேர்ந்து 1987 வரைக்கும் பத்து வருஷத்துல பத்து வேற வேற சாம்பியன். யாங்கீஸ், பைரட்ஸ், ஃபில்லீஸ், டாட்ஜர்ஸ், கார்டினல்ஸ், ஓரியோல்ஸ், டைகர்ஸ், ராயல்ஸ், மெட்ஸ், ட்வின்ஸ். இதுக்கு 1965ல வந்த டிராஃப்டும் காரணம், கடைசியா வந்த டீம் முதல்ல பையனைப் பொறுக்கலாம்ங்கற முறை, அதையும் சேத்துத்தான் பாக்கணும்.

அப்போ ஏன் மறுபடி பிரச்சனை? டிவி. ஃபுட்பால்ல தேசிய ஒளிபரப்புப் பணம் மொத்தமா வந்து எல்லா டீமுக்கும் சமமாப் பிரியும், அதனால கிரீன் பே மாதிரி குட்டி ஊரும் நியூயார்க்கோட மல்லுக்கு நிக்குது. பேஸ்பால்ல தினமும் மேட்ச், அதனால பெரும்பங்கு உள்ளூர் சேனல் பணம். டாட்ஜர்ஸ் போட்ட உள்ளூர் டிவி ஒப்பந்தம் 25 வருஷத்துக்கு 835 கோடி டாலர், வருஷத்துக்கு சராசரி 33 கோடிக்கு மேல, பல டீமோட மொத்த சம்பளச் செலவே அதுக்கும் கீழதான். அதே நேரம் பல டீமோட உள்ளூர் சேனல்களை நடத்தின டயமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்ல திவால் மனு போட்டுது, அந்த மே மாசமே சான் டியாகோ ஒளிபரப்பை லீக் கையில எடுத்துக்க வேண்டியதாச்சு. கேபிள் டிவி சாகுது, அதுல சின்ன ஊர்க்காரன் முதல்ல மூழ்கறான்.

இதைச் சரிபண்ண ஒண்ணும் பண்ணலன்னு இல்ல. ஒவ்வொரு டீமும் உள்ளூர் வருமானத்துல 48 சதவீதத்தை ஒரு பொது உண்டியல்ல போடணும், அது 30ஆ சமமாப் பிரியும். மேல லக்ஸரி டாக்ஸ், ஒரு டீமோட மொத்த சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினா கட்டற வரி. 2025ல வரம்பு 24.1 கோடி டாலர், அதைத் தாண்டற ஒவ்வொரு டாலருக்கும் முதல் வருஷம் 20 சதவீதம், ரெண்டாவது 30, மூணாவது வருஷத்துலேர்ந்து 50, ரொம்பத் தாண்டினா அதுக்கு மேல கூடுதல் வரி, எல்லாம் சேந்து 110 சதவீதம் வரைக்கும் போகும், அதாவது ஒரு டாலர் பிளேயருக்குக் குடுத்தா ஒரு டாலர் பத்து காசு லீக்குக்குக் குடுக்கணும். டாட்ஜர்ஸ் 2024ல கட்டின வரி 10.3 கோடி, 2025ல 17 கோடி கிட்ட. வரி மட்டும்! அதே 2025ல மயாமி மார்லின்ஸோட மொத்த சம்பளமே 7 கோடி சுமார்தான். இந்த இடத்துல எனக்குக் கோவம் ரெண்டு பக்கமும் வரும். உண்டியல் பணத்தை வாங்கிட்டு டீம்ல போடாம லாபக்கணக்குல எழுதற ஓனர் டாட்ஜர்ஸைவிட பெரிய பாவம் பண்றான்னு நினைக்கறவன் நான். டாட்ஜர்ஸ் ஒடானிக்குப் போட்ட 70 கோடி டாலர் காண்ட்ராக்ட்ல 68 கோடியை பத்து வருஷம் கழிச்சுத் தர்றோம்னு தள்ளிப் போட்டாங்களே அது ஏமாத்து வேலையான்னு நிறைய பேர் கேக்கறாங்க, விதியில இடம் இருக்கு, எந்த டீமும் பண்ணலாம், வரிக் கணக்குல வருஷத்துக்கு 4.6 கோடின்னு ஏறத்தான் செய்யுது.

காசை மட்டும் சமமாக்கினா போதும்னு நினைக்கறவங்க மேல சொன்ன சசாகி கதையைக் கவனிங்க. 25 வயசுக்குக் கீழ வெளிநாட்டுலேர்ந்து வந்தா ஒரு சின்ன போனஸ் கூடைக்குள்ளதான் குடுக்கணும்னு விதி, அதனால 2025 ஜனவரியில 30 டீமும் அவருக்குக் குடுக்கக்கூடிய தொகை கிட்டத்தட்ட ஒண்ணுதான், வாங்கினது 65 லட்சம் டாலர், ப்ரூவர்ஸ்கூட குடுக்கலாம். எங்க போனாரு? டாட்ஜர்ஸ்! ஜப்பான் பிளேயர் ரெண்டு பேர் ஏற்கனவே இருக்காங்க, பிட்சரைத் தேத்தறதுல பேரு வாங்கின டீம், ஜெயிக்கற டீம், கலிஃபோர்னியா வெயில். கேப் வந்தா இதெல்லாம் சமமாயிடுமா? எல்லாரும் ஒரே விலை சொன்னா பிளேயர் ஊரையும் ஜெயிக்கற வாய்ப்பையும் பாத்துத்தான் முடிவெடுப்பான்.

செலவு பண்ணாலே ஜெயிச்சுடலாம்னா அதுவும் இல்ல, மெட்ஸ் ஹுவான் சோட்டோவை 15 வருஷத்துக்கு 76.5 கோடிக்கு வாங்கிட்டு 2025ல 83 ஜெயிச்சு ப்ளேஆஃப்கூட போகல. டொரான்டோ 2024ல தன் டிவிஷன்ல கடைசி, 2025ல வேர்ல்ட் சீரீஸ் ஏழாவது மேட்ச்ல ஒன்பதாவது இன்னிங்ஸ் வரைக்கும் லீட், ரெண்டு அவுட் எடுத்தா கப்புங்கற நேரத்துல டாட்ஜர்ஸோட மிகெல் ரோஹாஸ் ஹோம் ரன் அடிச்சாரு. ரோஹாஸ் 70 கோடி ஆளு இல்ல, வருஷத்துக்கு அரை கோடி வாங்கற வயசான இன்ஃபீல்டர். அந்த ஒரு பந்து கொஞ்சம் தாழ்ந்திருந்தா நீங்க இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீங்க.

கேப் வருமா? ஓனருங்க 1994லயே கேட்டாங்க, பிளேயர்ஸ் ஆகஸ்ட் 12ல ஸ்ட்ரைக் போனாங்க, அந்த வருஷ வேர்ல்ட் சீரீஸே நடக்கல, அடுத்த மார்ச்ல சோனியா சோட்டோமயோர்னு ஒரு ஜட்ஜ், பின்னாடி சுப்ரீம் கோர்ட் போனவங்க, பிளேயர் பக்கம் உத்தரவு போட்டதுக்கு அப்புறம்தான் ஆட்டம் திரும்புச்சு. அதுல பலியானது மான்ட்ரியல் எக்ஸ்போஸ், ஸ்ட்ரைக் வந்த அன்னிக்கு 74-40, மொத்த லீக்லயே முதல் இடம், சம்பளச் செலவுல அடிமட்டம். சின்ன டீமைக் காப்பாத்தறோம்னு ஆரம்பிச்ச சண்டை முடிஞ்ச உடனே அந்த டீம் தன் நல்ல பிளேயரை எல்லாம் கைகழுவிச்சு, பத்து வருஷத்துல ஊரே மாறி 2005ல வாஷிங்டனுக்குப் போயிடுச்சு. ஐஸ் ஹாக்கிக்கு கேப் வந்ததுகூட 2004-05 சீசன் முழுசாப் போனதுக்கு அப்புறம்தான். பேஸ்பால்ல இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1ல முடியுது, அடுத்த சண்டை அங்கதான்.

என்னைக் கேட்டா கேப்பைவிட அடிமட்டம் முக்கியம். இதுக்குக் கீழ செலவு பண்ணக்கூடாதுன்னு ஒரு கோடு போடணும், உள்ளூர் டிவி பணத்துல இன்னும் பெரிய பங்கை உண்டியல்ல போடணும், அதை வாங்கறவன் டீமுக்குச் செலவு பண்ணதுக்குக் கணக்கு காட்டணும். தோத்தா டிராஃப்ட்ல பரிசுங்கறதையும் குறைக்கணும். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011லேர்ந்து மூணு வருஷம் 106, 107, 111ன்னு தோத்து நல்ல பசங்களைச் சேத்து 2017ல ஜெயிச்சாங்க, அதைப் பாத்து எல்லாரும் தோக்கறதே திட்டம்னு கிளம்பிட்டாங்க, இப்போ டிராஃப்ட்ல யாரு முதல்ல பொறுக்கறதுன்னு லாட்டரி முறை கொண்டுவந்தும் 2024ல வைட் சாக்ஸ் 121 தோல்வி, 2025ல ராக்கீஸ் 119.

பிட்ஸ்பர்க்ல பால் ஸ்கீன்ஸ்னு ஒரு பையன் இருக்கான். 2023 டிராஃப்ட்ல முதல் ஆளு, 2025ல 1.97 இஆர்ஏவோட சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, சம்பளம் ஒரு மில்லியன் டாலர்கூட இல்ல, ஏன்னா ஃப்ரீ ஏஜென்ட் ஆக ஆறு வருஷம் சர்வீஸ் வேணும், முதல் சில வருஷம் கிட்டத்தட்ட குறைஞ்சபட்ச சம்பளம்தான். அதாவது எந்த பணக்கார டீமும் தொட முடியாத, சின்ன டீமுக்காகவே செஞ்ச மாதிரி ஒரு விதி, உலகத்தோட பெஸ்ட் பிட்சரை சல்லிக் காசுக்குக் கையில குடுத்திருக்கு. பைரட்ஸ் என்ன பண்ணாங்க? அவன் பந்து போட்ட மேட்ச்ல ரன் அடிக்க ஆள் எடுக்கல. அந்த 1.97 வருஷத்துல அவன் கணக்கு 10 வெற்றி 10 தோல்வி, டீம் 71-91. 2029 சீசன் முடிஞ்சா அவன் ஃப்ரீ ஏஜென்ட், அப்போ டாட்ஜர்ஸோ யாங்கீஸோ தூக்கிட்டுப் போனா பிட்ஸ்பர்க்ல எல்லாரும் சாலரி கேப் இல்லாததுதான் காரணம்னு சொல்லுவாங்க பாருங்க.